ஆழம் அளக்கும் கேமராவும் குழியில் இறங்கும் உடலும்



"தொழில்நுட்பம் வளர வளர விலை குறையும். விலை குறைந்தால் குழிக்குள் மனிதனுக்குப் பதிலாக இயந்திரம் இறங்கும். மலக்குழி மரணம் தானாக நின்றுவிடும். அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் சாதியும் மெல்ல உதிர்ந்துவிடும்."

கல்லூரி வாசிப்பு வட்டங்களில் நாம் அடிக்கடி கேட்கும் வாதம் இது. சொல்பவர்கள் நமக்கு எதிரிகள் இல்லை. பெரும்பாலும் பொறியியல் படிக்கும் நம் தம்பி தங்கைகள்தான். முதல் தலைமுறைப் பட்டதாரிகள், அறிவியலை நம்பி மேலே வந்தவர்கள். அதனாலேயே இந்த வாதத்துக்குக் கோபத்தால் பதில் சொல்வது போதாது. கணக்குப் போட்டுப் பதில் சொல்ல வேண்டும்.

அதற்கு ஒரே ஒரு தொழில்துறையை எடுத்து விரித்துப் பார்ப்போம். ஆழம் அறியும் கேமரா, அதாவது டெப்த் கேமரா.

சாதாரணக் கேமரா நிறத்தையும் வெளிச்சத்தையும் பதிவு செய்யும். எது அருகில் இருக்கிறது, எது தள்ளி இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஆழக் கேமரா படத்தின் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து சொல்லும். இதற்கு முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. நம் இரண்டு கண்களைப் போல இரண்டு கேமராக்களை இடைவெளி விட்டு வைத்து, இரு படங்களுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து தூரத்தைக் கணக்கிடுவது ஒன்று. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளைப் பொருளின் மேல் வீசி, அந்தப் புள்ளிகள் எப்படி இடம் மாறி விழுகின்றன என்று பார்ப்பது இரண்டாவது. ஒளியை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை அளப்பது மூன்றாவது. ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு நேரத்தில் ஒளி சுமார் 30 சென்டிமீட்டர் போய்விடும். அந்த நேரத்தைப் பிடிக்கும் சில்லு இன்று விரல் நகத்தைவிடச் சிறியது.

பின்னால் சொன்ன இரண்டு வழிகளுக்கும் வெளியிலிருந்து வெளிச்சம் தேவையில்லை. கும்மிருட்டிலும் அளக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டி தந்ததும் பறித்ததும்

2010க்கு முன்பு இப்படி ஒரு கேமரா வாங்க ஆய்வுக்கூடங்கள் பல ஆயிரம் டாலர் செலவழித்தன. 2010 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் கைனெக்ட் என்ற விளையாட்டுக் கருவியை 150 டாலருக்குச் சந்தைக்கு விட்டது. உள்ளே இருந்தது இஸ்ரேலைச் சேர்ந்த பிரைம்சென்ஸ் என்ற சிறிய நிறுவனத்தின் தொழில்நுட்பம். வீட்டுக் கூடத்தில் நின்று கையைக் காலை ஆட்டினால் திரையில் உள்ள உருவமும் ஆடும். முதல் 60 நாளில் 80 லட்சம் விற்று கின்னஸ் சாதனை படைத்தது. 2013 பிப்ரவரிக்குள் விற்பனை 2 கோடியே 40 லட்சத்தைத் தொட்டது.

இதன் உண்மையான மதிப்பைக் கண்டுபிடித்தவர்கள் விளையாட்டுப் பிள்ளைகள் இல்லை. கருவி வெளியான அன்றே அமெரிக்காவின் அடாஃப்ரூட் என்ற சிறு மின்னணு நிறுவனம் ஒரு பரிசை அறிவித்தது. கைனெக்டைக் கணினியில் யாரும் பயன்படுத்தும்படி திறந்த மென்பொருள் எழுதுபவருக்கு ஆயிரம் டாலர் என்று தொடங்கி, மூவாயிரம் டாலர் வரை அது ஏறியது. ஒரு வாரத்துக்குள் ஸ்பெயின் நாட்டு இளைஞர் ஒருவர் அதைச் செய்து முடித்தார். அதன் பிறகு மாணவர்களும் ரோபோ ஆய்வாளர்களும் மருத்துவ ஆய்வாளர்களும் கைனெக்டை வாங்கித் தங்கள் கருவிகளில் பொருத்தினார்கள். சில ஆண்டுகள் ஆழம் அறியும் அறிவு ஓரளவுக்குப் பொதுச் சொத்தாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். 2013 நவம்பரில் ஆப்பிள் பிரைம்சென்ஸை வாங்கியது. விலை சுமார் 36 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன. 2014 ஏப்ரலில், உலகெங்கும் மாணவர்கள் பயன்படுத்திவந்த ஓபன்என்ஐ என்ற திறந்த மென்பொருள் தளம் மூடப்பட்டது. மென்பொருளின் நகல் வேறு கைகளில் பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்த நிறுவனத்தின் உணரி பொதுச் சந்தையிலிருந்து போய்விட்டது. 2017இல் அது திரும்பி வந்தபோது ஆயிரம் டாலர் ஐபோன் எக்ஸின் நெற்றியில் இருந்தது. உரிமையாளரின் முகத்தில் 30,000க்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை வீசி, அவர்தானா என்று பார்த்துப் போனைத் திறக்கும் வேலை அதற்கு. அதே ஆண்டு டிசம்பரில், இந்த ஒளியை உமிழும் மிகச் சிறிய லேசர்களைத் தயாரிக்கும் ஃபினிசார் நிறுவனத்துக்கு ஆப்பிள் 39 கோடி டாலர் ஒதுக்கியது.

மற்றவர்களும் ஓடினார்கள். 2015இல் சோனி, பெல்ஜியத்தின் சாஃப்ட்கைனெடிக் நிறுவனத்தை வாங்கியது. கூகுள் டாங்கோ என்ற பெயரில் ஆழம் அறியும் கைப்பேசிகளைத் தொடங்கி 2018இல் கைவிட்டது. மைக்ரோசாஃப்ட் 2017இல் கைனெக்ட் தயாரிப்பை நிறுத்தியது. 2019இல் தொழிற்சாலைகளுக்கும் ஆய்வாளர்களுக்கும் என்று புதுக் கைனெக்ட் ஒன்றை விற்று, 2023இல் அதையும் நிறுத்தியது. இன்டெல் தன் ரியல்சென்ஸ் கேமராக்களை 200 டாலருக்கும் குறைவாக விற்றுவிட்டு, 2021இல் அந்தத் தொழிலைச் சுருக்கப்போவதாக அறிவித்தது. 2025இல் அது 5 கோடி டாலர் முதலீட்டோடு தனி நிறுவனமாகப் பிரிந்தது. சீனாவின் ஷென்சென் நகரில் 2013இல் தொடங்கிய ஆர்பெக் இந்த இடைவெளியில் வளர்ந்து, 2022இல் ஷாங்காய் பங்குச் சந்தைக்குப் போனது. மைக்ரோசாஃப்ட் விட்டுப்போன வாடிக்கையாளர்களுக்கு இன்று மாற்றுக் கேமரா தருவது அந்த நிறுவனம்தான்.

போட்டி என்றால் இதுதான். நல்லது வரும், கைக்கு எட்டும். யாரோ ஒருவர் வாங்குவார், பூட்டுவார். லாபம் குறைந்தால் கடையைக் கட்டுவார். அந்தக் கேமராவை நம்பி ரோபோ செய்தவர் நடுத்தெருவில் நிற்பார். எந்தப் பயன்பாடு பிழைக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது, யார் பணம் கொடுக்கிறார் என்பதுதான்.

இருந்தாலும் எதிர்வாதத்துக்கு நியாயமாக நடந்துகொள்வோம். போட்டி தருவதாகச் சொன்னதைத் தந்துவிட்டது. பல ஆயிரம் டாலர் கேமரா 150 டாலருக்கு வந்தது. மேசை மேல் வைத்த பெட்டி நகத்தளவு சில்லாகச் சுருங்கியது. கோடிக்கணக்கான சட்டைப் பைகளில் இன்று அது இருக்கிறது. இந்த வேகத்தில் விலை குறைந்த பொருள்கள் குறைவு.

அப்படியானால், இந்தப் பதினைந்து ஆண்டுகளில் குழிக்குள் என்ன நடந்தது?

குழிக்குள் நடந்தது

பாதாளச் சாக்கடையையும் கழிவுநீர்த் தொட்டியையும் சுத்தம் செய்யும்போது 2019 முதல் 2023 வரை குறைந்தது 377 பேர் இறந்தார்கள். இது ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்ட எண்ணிக்கை. 1993க்குப் பிறகான மரணங்களை அரசு கணக்கெடுத்தபோது மாநிலங்களில் முதலிடத்தில் இருந்தது தமிழ்நாடு. ஆம், கார் தொழிற்சாலையும் கைப்பேசித் தொழிற்சாலையும் வைத்திருக்கும் நம் தமிழ்நாடுதான்.

"சாக்கடை வேறு, கேமரா வேறு. இரண்டையும் ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள்?" என்று கேட்கலாம். முடிச்சுப் போட்டது நாம் இல்லை. டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கடையில் கிடைக்கும் ஆழக் கேமராக்களைச் சாக்கடைக் குழாய்ச் சோதனைக்குப் பயன்படுத்த முடியுமா என்று ஒப்பிட்டு 2021இல் ஆய்வு வெளியிட்டார்கள். ரியல்சென்ஸ் கேமராவும் அந்த ஒப்பீட்டில் இருந்தது. வெளிச்சத்தை மாற்றியும் குழாயில் நீர் நிற்கவைத்தும் சோதித்தார்கள். மனிதன் போகக் கூடாத இருட்டுக் குழாய்க்குள் கருவி போய் அளக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே வெறும் பொறியியல் கேள்வி.

கேமரா மட்டும் போதும் என்று நாம் சொல்லவில்லை. அது அடைப்பை எடுக்காது, விஷவாயுவை வெளியேற்றாது. ஈரமான கறுத்த சுவரிலும் கலங்கிய நீரிலும் அதன் அளவு தடுமாறும். ஆனால் ரோபோக் கைக்கு அடைப்பு எங்கே, சுவர் எங்கே என்று தெரிய வேண்டும். அந்தக் கண்ணை உருவாக்கும் வேலைதான் விளையாட்டுக்காகவும் கைப்பேசிக்காகவும் எப்போதோ முடிந்துவிட்டது. மீதி வேலையையும் செய்ய முடியும் என்று நம் ஊர்ப் பிள்ளைகள் காட்டியிருக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் இளம் பொறியாளர்கள் உருவாக்கிய பாண்டிகூட் ரோபோ 2018 முதல் மேன்ஹோலுக்குள் இறங்குகிறது. கழிவுநீர்த் தொட்டிகளுக்காக ஹோமோசெப் என்ற இயந்திரத்தைச் சென்னை ஐஐடி உருவாக்கியது. சஃபாய் கர்மசாரி அந்தோலன் அதற்குத் துணை நின்றது. இவை எதுவும் இல்லாத காலத்திலும் உயர் அழுத்த நீர் பாய்ச்சும் வண்டிகளும் கழிவுறிஞ்சு வண்டிகளும் இருந்தன.

ஆக, கருவி இல்லாததால் மனிதன் இறங்கவில்லை. கருவிக்கு விலை அதிகம் என்பதாலும் இறங்கவில்லை. பிறகு ஏன்?

இறக்குபவருக்கு உடல் இன்னும் மலிவு. ஒப்பந்ததாரர் ஒரு நாள் கூலியில் கணக்கை முடிக்கிறார். ஆள் வீட்டுக்குத் திரும்பினால் சில நூறு ரூபாய். திரும்பாவிட்டால் "அவராகத்தான் இறங்கினார்" என்று ஒரு வாக்கியம். இறப்பவர் துணை ஒப்பந்தத்தின் துணை ஒப்பந்தத்தில் இருப்பார். மாநகராட்சியின் ஊழியர் பட்டியலில் அவர் பெயர் இருக்காது. 1993ஆம் ஆண்டுச் சட்டமும் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. 2013 சட்டத்திலேயே ஓட்டை இருக்கிறது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறக்குவதைத்தான் அது 'அபாயகரமான துப்புரவு' என்கிறது. கையுறையும் முகமூடியும் கொடுத்ததாகக் கணக்கு எழுதிவிட்டால் ஆளை இறக்கலாம் என்று படிக்க அது இடம் தருகிறது. 2014இல் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு மரணத்துக்கும் 10 லட்சம் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. 2025 ஜனவரியில் சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில் மனிதரை இறக்கிச் சுத்தம் செய்வதற்குத் தடை போட்டது. இந்த இழப்பீட்டுக்காக மனைவிமார்கள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவதைக் களத்தில் பார்க்கிறோம். குழிக்குள் அனுப்பியவர் சிறைக்குப் போனதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்?

அந்த உடல் ஏன் மலிவு என்பதற்கு அரசின் கணக்கே பதில் தருகிறது. நமஸ்தே திட்டத்தில் 2024 வரை விவரம் திரட்டப்பட்ட சுமார் 38,000 சாக்கடை, கழிவுநீர்த் தொட்டித் தொழிலாளர்களில் 68.9 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். பழங்குடியினரையும் பிற்படுத்தப்பட்டோரையும் சேர்த்தால் 90 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. பொதுப் பிரிவினர் 8 சதவீதம். சந்தைக்குச் சாதி தெரியாது என்பார்கள். சந்தைக்கு விலை தெரியும். இந்த நாட்டில் உடலுக்கு விலை வைத்தது சாதி. அந்த விலைப்பட்டியலைத்தான் சந்தை அப்படியே வாங்கிப் பயன்படுத்துகிறது. ஷென்சென்னில் எத்தனை நிறுவனங்கள் முட்டி மோதினாலும் கேமராவின் விலை சுழியத்துக்கு வராது. ஆனால் இறந்தாலும் யாரும் கேட்காத உடலின் விலை சுழியத்துக்கு மிக அருகில் இருக்கிறது. இந்தப் போட்டியில் கேமரா தோற்றுக்கொண்டேதான் இருக்கும்.

நம்மிடம் வந்து சேர்ந்த கருவிகள்

தொழில்நுட்பம் நம் மக்களிடம் வரவே இல்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. சண்டிகரிலும் நாக்பூரிலும் தூய்மைப் பணியாளர்களின் மணிக்கட்டில் ஜிபிஎஸ் கடிகாரங்களைக் கட்டினார்கள். எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று அலுவலகத் திரையில் தெரியும். தொழிலாளர்கள் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். மேன்ஹோலின் ஆழத்தை அளக்க வராத கருவி, அந்தத் தொழிலாளி டீ குடிக்கும் நேரத்தை அளக்க உடனே வந்துவிட்டது.

நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் ஒரு நாளைக்கு இரண்டு முறை படம் எடுத்துச் செயலியில் ஏற்ற வேண்டும் என்றார்கள். படம் ஏறாவிட்டால் கூலி ஆபத்தில். 2025இல் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே, படத்தையே படம் எடுத்து ஏற்றுகிறார்கள் என்று சுற்றறிக்கை விட்டது. பணக்காரரின் கைப்பேசிக்கு முன்னால் புகைப்படத்தை நீட்டினால் அது ஏமாறாது. ஆழம் பார்த்து, இது முகம் இல்லை, காகிதம் என்று சொல்லிவிடும். கருவி அங்கே அதன் உரிமையாளரைக் காக்கிறது. இங்கே தட்டைப் படம் ஏழையின் கூலியை நிறுத்துகிறது. ஊழல் செய்பவன் அதையும் தாண்டிப் போய்விடுகிறான். இதற்காக வேலைத்தளத்துக்கும் ஆழக் கேமரா கொடுங்கள் என்று நாம் கேட்கப் போவதில்லை. யாருக்காகக் கருவி, யார் மேல் கருவி என்பதுதான் நம் கேள்வி.

அந்த ஆழக் கேமராவை நெற்றியில் சுமக்கும் ஐபோன்கள் 2019 முதல் நம் ஸ்ரீபெரும்புதூரில் பொருத்தப்படுகின்றன. பொருத்துபவர்களில் பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் இளம் பெண்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் நூற்றுக்கணக்கானோர் நோய்வாய்ப்பட்டபோது அவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். இந்தத் தொழில்துறையின் வளர்ச்சியில் நம் மக்களின் உழைப்பும் இருக்கிறது. அதன் பயன் எங்கே போக வேண்டும் என்று கேட்கும் உரிமையும் அதனால் நமக்கு உண்டு.

இயந்திரம் யாருடையது

நாம் இயந்திரத்துக்கு எதிரிகளா? இல்லை. இதில் பாபாசாகேப் நமக்குத் தெளிவான பாதை காட்டியிருக்கிறார். இயந்திரம் வேண்டாம், பழைய வாழ்வுக்குத் திரும்புவோம் என்ற காந்தியின் நிலைப்பாட்டை 1945இல் வெளிவந்த தன் நூலில் அவர் கடுமையாக மறுத்தார். மிருகத்தைப் போல உழைப்பதிலிருந்து மனிதன் விடுபட்டு, ஓய்வும் பண்பாடும் பெற இயந்திரம் தேவை என்பது அவர் வாதம். இயந்திரத்தால் தீமை வந்தால், குற்றம் இயந்திரத்தில் இல்லை, அதை ஒரு சிலரின் லாபத்துக்கு விட்டுவைத்த சமூக ஏற்பாட்டில் இருக்கிறது என்றார். எண்பது ஆண்டுகள் கழித்தும் நாம் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

அதனால் இயந்திரம் வந்ததும் போராட்டம் முடிந்துவிடாது. இயந்திரம் வந்தால் வேலைக்கு மரியாதை வரும், சம்பளம் ஏறும். அப்போது அந்த ஓட்டுநர் இருக்கையில் உட்காரப்போவது யார்? குழிக்குள் தலைமுறை தலைமுறையாக இறங்கியவரின் மகளா, அல்லது 'தொழில்நுட்பத் தகுதி' என்ற பெயரில் வேறு யாராவதா? 2019இல் டெல்லியில் 200 இயந்திரங்களை இந்தத் தொழிலாளர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் உரிமையாக்கும் திட்டம் தொடங்கியது. ஐதராபாத் அதற்கு முன்பே தொடங்கியது. சென்னைக் குடிநீர் வாரியமும் பணியாளர்களைக் கழிவகற்று வாகன உரிமையாளர்களாக்கும் திட்டத்தை அறிவித்து நடத்துகிறது. இவற்றை வரவேற்போம், விடாமல் கண்காணிப்போம். கடன் தவணை யார் தலையில் விழுகிறது, வேலை உத்தரவாதம் எத்தனை ஆண்டு, வண்டி பழுதானால் யார் பொறுப்பு என்று ஒவ்வொன்றையும் கேட்க வேண்டும். கடனாளியை முதலாளி என்று அழைத்துவிட்டு, நிரந்தர வேலை என்ற கோரிக்கையை யாரும் புதைத்துவிடக் கூடாது.

நம் கோரிக்கைகள் நான்கு. உள்ளாட்சிகள் இயந்திரம் வாங்குவதும் பயன்படுத்துவதும் சட்டக் கட்டாயமாக வேண்டும். 2013 சட்டத்தின் பாதுகாப்புக் கருவி ஓட்டையை அடைத்து, ஆளை இறக்குவதையே குற்றமாக்க வேண்டும். பொதுப் பணத்தில் உருவாகும் கருவிகளின் வடிவமைப்பும் மென்பொருளும் திறந்தவையாக இருக்க வேண்டும். பிரைம்சென்ஸுக்கு நடந்தது போல நாளை யாரோ வாங்கிப் பூட்டிவிட்டால் மீண்டும் குழிக்குள் போவது நம் ஆள்தான். இயந்திரத்தை இயக்கும் வேலை, இதுவரை இறங்கியவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் முதல் உரிமையாக, நிரந்தரப் பணியாக வேண்டும்.

மாணவர்களுக்கு இந்த மாத வேலை ஒன்று. உங்கள் நகராட்சிக்கோ பேரூராட்சிக்கோ தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். எத்தனை மேன்ஹோல்கள், எத்தனை இயந்திரங்கள், அவற்றில் ஓடுபவை எத்தனை, அவற்றை இயக்குபவர்கள் நிரந்தரப் பணியாளர்களா, ஒப்பந்தப் பணியாளர்களா, கடந்த ஐந்து ஆண்டுகளில் யார் யாருக்கு இழப்பீடு தரப்பட்டது என்று கேளுங்கள். வரும் பதில்களைத் தொகுத்து மாவட்ட வாரியாக வெளியிடுவோம்.

பொறியியல் மாணவர்களுக்கு இன்னொன்று. இறுதியாண்டுத் திட்டத்துக்கு ஆழக் கேமராவை எடுப்பவர்கள் உங்களில் பலர் உண்டு. கை அசைவில் பாட்டு மாற்றும் கருவியை ஏற்கெனவே உலகம் செய்துவிட்டது. உங்கள் ஊர்த் தூய்மைப் பணியாளர்கள் குடியிருப்புக்குப் போய், எந்தக் குழி எப்படி அடைக்கும், எங்கே வாயு நிற்கும் என்று அந்த அண்ணன்களிடம் கேளுங்கள். எந்த உணரியும் சேகரிக்காத அறிவு அவர்களிடம் இருக்கிறது. அதைக் கேட்டு எழுதும்போது அவர்கள் பெயரையும் திட்ட அறிக்கையில் போடுங்கள்.

ஜெய் பீம்!